சுவரில் உடுத்தியதும் சந்தையில் உடுத்தியதும்

கோட்டாற்றுக் கம்போளத்திலே இன்று ஒருவர் தம் கைப்பணத்துக்கு இசைந்த துணியை வாங்கித் தம் மனத்துக்கு இசைந்தபடி உடுத்திக்கொண்டு போவது, நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்தை அறியாதவர்களுக்கு ஒரு விசேஷமாகத் தோன்றாது. ஆனால் இதே வட்டாரத்தில், இன்ன ஜாதியிற் பிறந்த பெண் இடைக்கு மேலே இன்ன துணியை இன்ன விதமாகப் போடலாம், இன்ன விதமாகப் போடலாகாது என்பதைத் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் விளம்பரங்கள் 19-ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்து வரையறுத்து வந்தன என்பதையும், அந்த வரையறையை மீறினார்கள் என்ற காரணம் காட்டிப் பொதுவிடங்களிலே பெண்களின் மேலாடை பறிக்கப்பட்டது என்பதையும் நினைவிற்கொண்டு பார்க்கும்போது, உடையின் வரலாறு ரசனை மாறுதல்களின் இனிய கதையாக மட்டும் இராமல், அதிகாரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். இத்தகைய நாட்டிலே பழைய சித்திரங்களை முன்வைத்துக்கொண்டு, எந்தக் காலத்தில் யார் எதை உடுத்தார்கள் என்று கேட்பவர், சித்திரக்காரன் தீட்டியதைப் பார்ப்பதோடு அவன் தீட்டாமல் விட்டதையும் கணக்கிற் சேர்க்கக் கடமைப்பட்டவராகிறார்.

ஐரோப்பிய நாடுகளில் இந்த ஆராய்ச்சி ஓரளவு எளிது. அங்கே உருவச் சித்திரம் எழுதுவித்துக்கொண்ட பிரபுவின் பெயர் தெரியும். எழுதியவரின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் தெரியும். கழுத்துப்பட்டையின் அகலமும் கைச்சட்டையின் உப்பலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே வந்தபடியால், தேதி அழிந்துபோன ஒரு படத்தின் காலத்தை உடையைக்கொண்டே கணித்துச் சொல்லும் நிபுணர்களும் அங்கே உண்டு. நம் தேசத்துச் சுவர்களிலோ பெரும்பாலும் தீட்டப்பட்டவர் தெய்வம், தீட்டியவர் பெயரற்றவர், உடையோ தியான சுலோகங்களும் சிற்ப நூல்களும் விதித்தபடி அமைவது. ஆகையால் நம்முடைய சித்திரங்களைக் கண்ணாடியாகக் கொள்ளுவது பிழை. எந்த இடத்தில் சம்பிரதாயம் பேசுகிறது, எந்த இடத்தில் சித்திரக்காரனின் கண் பேசுகிறது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம். மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டை 1750-ஆம் ஆண்டில் ஸ்ரீ பத்மநாபருக்கு அடைக்கலமாக ஒப்புவித்துத் தம்மை அப்பெருமானின் தாசராக அறிவித்துக்கொண்ட காலத்தை ஒட்டி எழுந்தது அங்குள்ள உப்பரிகை மாளிகை. அதன் உச்சி மாடம் மனிதர் வாழ்வதற்கென்று அல்லாமல் இறைவனுக்கென்றே ஒதுக்கப்பட்டபடியால், அந்த அறையின் சுவர்களில் அனந்தசயனமும் பிற தெய்வக் காட்சிகளும் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்னும் ஐந்து வர்ணங்களின் இசைவிலே நிறைந்து நிற்கின்றன. மலைநாட்டுச் சுவரோவியத்தின் இலக்கணம் அங்கே முழுமையாகத் தெரிகிறது. இடைக்கு மேலே உடம்பை அணிகளே ஆடைபோல் மூடியிருக்கும். முடியும் குழையும் மார்பு மாலைகளும் தோள்வளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, தோல் எங்கே முடிந்து பொன் எங்கே தொடங்குகிறது என்று ஐயுறும்படி இருக்கும். பெண்ணுருவங்களுக்குக் கச்சு தீட்டப்பட்ட இடங்களிலும்கூட அது துணியின் இயல்போடு காணப்படாமல், இன்னோர் ஆபரணத்தின் இயல்போடு காணப்படுவதே வழக்கம். இடைக்குக் கீழேதான் சித்திரக்காரன் நெசவை நினைக்கிறான்: மடிப்பு மடிப்பாக விழும் வஸ்திரம், அதன் ஓரக்கரை, பூவேலைப்பாடு, அரையிற் கட்டிய கச்சையின் முடிச்சு, முடிச்சிலிருந்து விசிறியாக விரியும் நுனி, இவற்றில் அவன் காட்டும் பொறுமை, துணியைக் கையில் எடுத்துப் பார்த்தவனுடைய பொறுமை.

இந்தத் திறந்த மார்பைக் கண்டு, அக்காலத்தில் எல்லோரும் மேலாடையின்றியே திரிந்தனர் என்று முடிவுகட்டி எழுதியவர்களும் உண்டு. அது நாணமற்ற காலம் என்று வருந்தினவர்களும் உண்டு. இரு கூட்டத்தாரும் ஒரு சிறு செய்தியைக் கவனிக்கவில்லை என்பது நம் அபிப்பிராயம். மேலே போட்ட துணியைக் களைவது இந்நாட்டில் மரியாதையின் அடையாளம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகும் ஆண்கள் இன்றும் சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லுகின்றனர். அரசரும் அவ்வாறே சென்றார். தேவர் முன்னிலையில் அரசன், அரசன் முன்னிலையில் பிரஜை, மேல்ஜாதியார் முன்னிலையில் கீழ்ஜாதியார் என்ற வரிசையில், மேலே உள்ளவருக்கு முன் கீழே உள்ளவர் தோளை வெறுமையாக்கிக் காட்டவேண்டும் என்பது முறையாக இருந்தது. ஆகவே ஒரு சித்திரத்தில் வெறும் தோளைக் காணும்போது, அது துணியின் இன்மையைக் குறிப்பதா, பக்தியைக் குறிப்பதா, அடிமைத்தனத்தைக் குறிப்பதா என்று கேட்காமல் மேலே செல்லலாகாது. கோயில்களிலே கையில் அகலேந்தி நிற்கும் பாவை விளக்குகளை நோக்குங்கள்: அவை உயர்குடிப் பெண்டிரின் சாயலில் வார்க்கப்பட்டவை என்றாலும், இறைவன் சந்நிதியில் விளக்குப் பிடிக்கும் அந்தச் சேவையின் காரணமாகவே தோள் திறந்து நிற்கின்றன. இதே மரியாதை, பிறவியினால் நிரந்தரமாக ஒருவர்மேல் சுமத்தப்பட்டபோது என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இன்னும் பழைய சுவர்களுக்குப் போகலாம். பனைமலையில் பல்லவர் காலத்துச் சிதைவு ஒன்றும், சித்தன்னவாசலில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணக் குகையும் நமக்குக் கிடைத்தவற்றுள் முந்தியவை. உடையைப் பற்றி அவை சொல்லுவது சுருக்கம். விரிவாகப் பேசுவது தஞ்சைப் பெரிய கோயில். 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அங்கே கருவறையைச் சுற்றிய இருண்ட நடையிலே விளக்கேந்திச் சென்று, நாயக்கர் காலத்துப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அதற்கடியிலே சோழர் காலத்துச் சித்திரம் இருப்பதைக் கண்டார். உடை வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தற்செயல் வேறு நேர்ந்திருக்க முடியாது; ஒரே சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாக, அறுநூறு ஆண்டுகள் இடைவிட்ட இரண்டு உலகங்கள் கிடந்தன. அடியில் உள்ள சோழர் காட்சியிலே ஆடல் மகளிரின் உடம்பில் அணிகலனே மிகுதி. இடையில் உடுத்த துணியோ தொடையின் வளைவை மறைக்காத மெல்லிய துணி, குறுக்கே ஓடும் வரிகளும் பூக்களும் உடையது. சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்லும் காட்சியில், மலைநாட்டு மன்னனாகிய சேரமானுக்கு உடையினால் தனி அடையாளம் ஏதும் காட்டாமல், பாடும் அடியார்க்கும் ஆளும் அரசர்க்கும் பெரும்பாலும் பொதுவான ஓர் உடையையே சோழச் சித்திரக்காரன் கொடுத்திருக்கிறான். மேற்பூச்சில் இருந்த நாயக்கர் சித்திரங்களிலோ பெண்களுக்கு இறுகத் தைத்த ரவிக்கையும், முன்றானை தெரியக் கட்டிய புடைவையும் வந்துவிட்டன. ஆண்களுக்குத் தைத்த உடுப்பும் வந்துவிட்டது. ஊசி நம் சித்திரங்களுக்குள் நுழைந்த காலம் அந்த இரண்டு பூச்சுகளுக்கும் இடைப்பட்ட காலம்.

அந்த ஊசி எந்த வழியாக வந்தது என்பதற்கு லேபாட்சி வீரபத்திரர் கோயில் விதானத்தில் விடை இருக்கிறது. விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தைச் சேர்ந்த அந்தச் சித்திரங்களிலே பெண்களின் புடைவைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. கோடும் கட்டமும் பூவுமாக, ஒரு நெசவுக்காரன் தன் மாதிரிகளையெல்லாம் விரித்து வைத்தாற்போன்ற செழிப்பு. ஆண்களோ தலையில் உயர்ந்து கூம்பிய குல்லாயும், உடம்பில் முழங்கால் கடந்த நீண்ட அங்கியும் அணிந்து நிற்கிறார்கள். இந்தக் குல்லாயும் அங்கியும் பாரசீக, அரபு நாடுகளின் அரசவை உடுப்பிலிருந்து சுல்தான்கள் வழியே தெற்கே வந்தவை. கோயிற் காரியத்தில் இத்தனை வைதிகப் பற்றுடையவர்களாக விளங்கிய விஜயநகரத்தார், சபைக்கு வரும்போது உலகப் பேரரசர் எல்லோரும் அணியும் உடுப்பையே தாமும் அணிந்தனர். இதில் அவர்களுக்கு ஒரு முரண்பாடும் தோன்றவில்லை. கோயிலுக்குள் வெறும் தோள், கொலுவில் மூடிய தோள் என்ற இருவகை ஒழுங்கு இங்கிருந்தே தெளிவாகிறது.

அச்சுதராயர் படை 1532-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேணாட்டுத் திருவடி அரசரை அடக்குவதற்காகத் தாமிரவருணிக் கரைக்கு வந்தது. அந்தக் கரையிலே அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்தின் உள்மாடங்களில், தளத்துக்குத் தளம், சுவர் கொள்ளாமல் சித்திரங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் உள்ள போர்க்காட்சிகள் அந்தப் போரையே குறிப்பவை என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அந்தக் கருத்து உறுதிப்படுமாயின், நாஞ்சில் நாட்டையும் ஆண்ட ஒரு மரபு சித்திரத்தில் இடம்பெற்ற மிகப் பழைய காட்சிகளில் அது ஒன்றாகும். உறுதிப்படாவிட்டாலும் உடைக்கு அது ஒரு களஞ்சியமே. தேவர்கள் பழைய வஸ்திரத்தில் இருக்க, போர்வீரர்கள் இறுகிய உடுப்பும் குல்லாயும் தரித்து வாளோடு பாய்கிறார்கள். குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலம் ஒன்றும் அங்கே இருக்கிறது, அதில் கடல் கடந்து வந்த வணிகர்களின் வேற்றுடையும் இருக்கிறது. புராணக் கதையை எழுதும்போது பின்பற்றிய சம்பிரதாயத்தைத் தன் காலத்து யுத்தத்தையும் வாணிகத்தையும் எழுதும்போது சித்திரக்காரன் தளர்த்திக்கொண்டான் என்பதே இங்கு நாம் கற்கவேண்டியது. பக்கத்துத் தளத்திலே ராமனை எழுதிய அதே கைதான் இந்தக் குதிரை வணிகனையும் எழுதியிருக்கிறது. இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதிகள் தீட்டுவித்த சுவர்களிலும், தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த ஐரோப்பியரைச் சேதுபதி எதிர்கொண்டு பேசும் காட்சி இவ்வகையிலேயே அமைந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சுவர்களில் எதிலும் கோட்டாற்றுச் சந்தைக்குச் சுமை தூக்கி வந்தவளை நாம் காணவில்லை, பனையேறியைக் காணவில்லை, கரையிலே மீன்கூடை சுமந்தவளைக் காணவில்லை. அவர்களைத் தேடுபவர், அந்நியர் தீட்டிய படங்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. போர்த்துகீசியருக்காக 1540-ஐ ஒட்டி மேற்குக் கடற்கரைக் கோவாவில் ஓர் இந்தியச் சித்திரக்காரன் கையால் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு சித்திரத் தொகுதி ரோமாபுரியில் கஸநாடென்ஸே நூலகத்தில் இருக்கிறது; எழுபத்தாறு படங்களில் கிழக்காப்பிரிக்கா முதல் சீனம் வரையில் உள்ள பல ஜாதியாரை ஆணும் பெண்ணுமாக அது காட்டுகிறது; மலையாளக் கரை நாயர்களும் தோமையார் வழிக் கிறிஸ்தவர்களும் அதில் இருக்கின்றனர். இத்தொகுதியை 1950-களில் உலகறியச் செய்தவர் கெயோர்க் ஷூர்ஹாமர் என்னும் யேசு சபைத் துறவி. கோட்டாற்றுத் தேவாலயத்தின் பாதுகாவலராகிய பிரான்சிஸ் சவேரியாரின் பெரிய சரித்திரத்தை எழுதியவரும் அவரே என்பது நம் ஊருக்கு ஒரு சிறு பெருமை.

சவேரியாரைப் பற்றிய இன்னொரு சித்திரம், இதற்கு நேர் எதிரான பாடத்தைக் கற்பிப்பது. பிளாண்டர்ஸ் தேசத்துப் பெருஞ் சித்திரக்காரராகிய ரூபன்ஸ், 1617-18-ஆம் ஆண்டுகளில் ஆண்ட்வெர்ப் நகரத்து யேசு சபைத் தேவாலயத்துக்காகச் சவேரியாரின் அற்புதங்களை ஒரு மாபெரும் திரையில் எழுதினார். அது இப்போது வியன்னாவில் இருக்கிறது. கறுப்பு அங்கி தரித்த துறவி உயரத்தில் நின்று கை நீட்ட, கீழே கீழ்த்திசை மக்கள் பலர், தலைப்பாகையும் பலநிற ஆடையுமாகத் திரண்டு நிற்கின்றனர்; அவர்களிடையே கொரிய நாட்டினவை என்று பலரும் கருதும் உடையும் தொப்பியும் அணிந்த ஒருவரும் நிற்கிறார். அந்த உடைக்காக ரூபன்ஸ் தனியே எழுதிப் பார்த்த கோட்டுச் சித்திரமும் இன்று நமக்குக் கிடைக்கிறது. சவேரியார் கொரியாவுக்குப் போனதில்லை; ரூபன்ஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. துணியின் ஒவ்வொரு மடிப்பையும் உயிரோடு எழுதவல்ல ஒரு மகா மேதை, அந்தத் துணியை உடுத்தியவர் எந்தத் தேசத்தார் என்பதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. சித்திரம் எவ்வளவுக்கு எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு அது உண்மை என்று நம்பும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருப்பதால், இந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிற்காலத்தில் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் மதுரையிலும் இருந்த நாட்டுச் சித்திரக்காரர்கள், கும்பினி உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் வாங்கிச் செல்லுவதற்கென்று, காகிதத்திலும் அப்பிரகத் தகட்டிலும் ஜாதிக்கு ஒரு ஜோடியாகக் கணவன் மனைவியரை எழுதி விற்றனர். மதுரையில் 1837-இல் உருவான, எழுபத்திரண்டு ஜாதியாரைக் காட்டும் ஒரு தொகுதி இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இவ்வகைப் படங்களிலே சுவரோவியம் அறியாத மனிதர்களெல்லாம் வருகிறார்கள்: அரையில் அரிவாள்பெட்டி கட்டிய பனையேறி, தறிக்காரன், வண்ணான், சுமைகாரி. உடை ஆராய்ச்சிக்கு இவை அரிய பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாங்குபவர் ஒரு ஜாதியை அதன் உடையைக்கொண்டே அடையாளங் காணவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டபடியால், ஒரு ஜாதிக்கு ஓர் உடை என்ற கட்டம் இவற்றில் இறுகிவிட்டது. இதே ஆண்டுகளிலே திருவிதாங்கூரின் தென்கோடியில் அந்தக் கட்டத்தை உடைப்பதற்காகவே பெண்கள் அடிபட்டுக்கொண்டிருந்தனர் என்பதை அந்தப் படங்கள் கனவிலும் காட்டமாட்டா.

அந்தச் சரித்திரத்தைச் சாசனங்களைக்கொண்டுதான் சொல்லவேண்டும். 1813-14-ஆம் ஆண்டுகளில் ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவளித்தார். உயர்ஜாதியார் முறையிட்டதன்மேல், சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயம் என்னும் சட்டையை மட்டுமே அணியலாம், நாயர் பெண்களைப்போல் தோளின்மீது சீலை போடலாகாது என்று அது சுருக்கப்பட்டது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட், மால்ட் ஆகியோரின் மனைவியர் பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பித்தனர். அவர்கள் முயற்சியால் தளர்ந்த சட்டை ஒன்று வழக்கிற்கு வந்தது. ஆனால் பெண்கள் சட்டையோடு நிற்கவில்லை; சட்டையின்மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டனர். 1822-இல் கல்குளம் பகுதியில் தொடங்கிய கலகம் 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ராணி கௌரி பார்வதிபாயின் விளம்பரத்தால், தோள்சீலை கூடாது என்ற முடிவோடு அடக்கப்பட்டது, அடங்கியதேயன்றி அணையவில்லை. 1858-59-இல் நாகர்கோவிலையும் கோட்டாற்றையும் சூழ்ந்த பகுதிகளில் மீண்டும் கொள்ளையும் தீவைப்பும் நிகழ்ந்து, சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் தலையிட்டபின், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ஆம் தேதி புதிய விளம்பரத்தை வெளியிட்டார்.

அந்த விளம்பரத்தின் வாசகம் ஒரு சித்திரக்காரன் படித்துப் பார்க்கத்தக்கது. நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப்போல் சட்டை அணியலாம். அல்லது முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியை மேலே சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்விதமாகவும் மார்பை மூடலாம். ஆனால் உயர்ஜாதிப் பெண்களைப்போல் மட்டும் மூடலாகாது. ஆக, மூடுவதா திறப்பதா என்ற வழக்கு அங்கே முடிந்துபோய், துணி மெல்லியதா முரடா, அது தோளின் எந்தப் பக்கம் விழுகிறது என்ற வழக்குத்தான் எஞ்சி நின்றது. தஞ்சைச் சுவரிலும் பத்மநாபபுரத்துச் சுவரிலும் நாம் கண்ட அந்த மெல்லிய வஸ்திரத்தின் பொருள் இப்போது வேறாகத் தெரிகிறது. ஊடே உடம்பு தெரியும்படி அத்தனை நுண்மையாகத் துணியைத் தீட்டியது அழகுணர்ச்சியால் மட்டும் அன்று. நுண்மை என்பதே உயர்ந்தோரின் உரிமையாக இருந்தது. நாணத்தைக் காப்பது நோக்கமாயின் முரட்டுத்துணியே மேலானது. அரசாங்கம் தாழ்ந்தவர்க்கென்று எடுத்துக் கொடுத்ததும் அந்த முரட்டுத்துணியையே. எனவே இவ்வழக்கு நாணத்தைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

இந்த ஐம்பதாண்டுப் போராட்டத்தில் எழுந்த உடையை நாட்டுச் சித்திர மரபு எழுதவில்லை. மிஷன் வெளியீடுகளில் வந்த மரச்செதுக்குப் படங்கள் எழுதின. அவை வெள்ளைச் சட்டையும் சீலையும் அணிந்து ஒழுங்காக வீற்றிருக்கும் கிறிஸ்தவப் பெண்களையே விரும்பிக் காட்டின, ஏனெனில் லண்டனிலே பொருளுதவி செய்பவர்களுக்கு மாற்றத்தைக் கண்ணாரக் காட்டவேண்டியிருந்தது. இதுவும் ஒரு தரப்புச் சாட்சியமே. எனினும் சுவரோவியத்தின் மௌனத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது, அதன் மிகைகளோடும் நாம் அதை ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

உருவமே எழுதாமல் உடையைப் பற்றிய ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டவர் இவ்வூருக்கு அண்மையிலேயே இருந்தார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், 1851-இல் மறைவதற்கு முன்பே, தம்மைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபட வரவேண்டும் என்ற முறையை ஏற்படுத்தினார். மேல்ஜாதியாருக்கு முன் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி நின்றவர்கள், இறைவனுக்கு முன் அதைக் கட்டிக்கொண்டு நின்றனர். துணியைக் களைவதே மரியாதை என்று மேலே நாம் கண்ட ஒழுங்கு இங்கே தலைகீழாயிற்று. அன்றியும் அய்யாவழி வழிபாட்டிடங்களாகிய தாங்கல்களிலே மூலஸ்தானத்தில் விக்கிரகமோ சித்திரமோ இல்லை. நிலைக்கண்ணாடி ஒன்றுதான் உண்டு. எந்த அரண்மனைச் சுவரிலும் எழுதப்படாத அந்த மக்கள், தலைப்பாகையோடு கூடிய தங்கள் உருவத்தையே அதில் கண்டனர். தத்துவார்த்தமாக அதற்கு வேறு விளக்கங்கள் உண்டு; உடை வரலாற்றை எழுதுபவர் இந்த ஒரு விளக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி, ரவிவர்மாவுக்கு வரவேண்டும். 1848-இல் கிளிமானூரில் பிறந்து 1906-இல் மறைந்த இவர், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரத்து அரண்மனையிலே சித்திரம் பழகினார். மதுரையிலிருந்து சித்திரக்காரர்கள் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்து பணிசெய்வது ஸ்வாதித் திருநாள் காலத்திலிருந்தே வழக்கம். அந்த மரபில் வந்தவர்களைக் கொண்டு வர்ணப் பழக்கமும், 1868-இல் வந்த தியோடர் ஜென்ஸன் என்னும் ஐரோப்பியர் எழுதுவதை அருகிருந்து பார்த்துத் தைல வர்ணத்தின் நுட்பமும் இவருக்கு வாய்த்தன. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்ற இவருடைய படம், கூந்தலுக்குப் பூச்சூடும் ஒரு நாயர் மாது. தெய்வமும் அல்லாத, அரசியும் அல்லாத ஒரு பெண், தன் வீட்டு வெண்ணிற ஆடையில், அந்த ஆடையின் நெகிழ்ச்சியோடும் எடையோடும் எழுதப்பட்டிருப்பது நம் சித்திரத்தில் புதிது. 1889-ஐ ஒட்டி எழுதி மைசூரில் இருக்கும் இசைமங்கையர் படத்தில், பதினொரு பெண்களை ஓரிடத்தில் அமர்த்தி, மலையாள மாதின் முண்டும் நேரியதும் முதலாக இஸ்லாமியப் பெண்ணின் உடை, பார்சிப் பெண்ணின் புடைவை வரையில் பற்பல தேசாசாரங்களைப் பக்கம் பக்கமாக அவர் காட்டினார். மதுரைத் தொகுதியில் ஜாதிக்கு ஓர் உடை என்று இருந்தது இங்கே பிரதேசத்துக்கு ஓர் உடை என்று மாறியிருக்கிறது. இந்தியா என்ற ஒன்றை உடைகளின் கூட்டமாகப் பார்க்கும் பார்வை இது.

பரோடா மகாராஜாவுக்காகப் பதினான்கு புராணச் சித்திரங்கள் எழுத ஒப்புக்கொண்டபோது, சகுந்தலைக்கும் தமயந்திக்கும் என்ன உடை கொடுப்பது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. தம்பி ராஜராஜ வர்மாவோடு அவர் வடநாட்டு யாத்திரை செய்தது இதையும் மனத்திற்கொண்டுதான். திரும்பி வந்து அவர் எழுதிய புராணப் பெண்களில் பெரும்பாலோர், மகாராஷ்டிர தேசத்துப் பெண்கள் கட்டுவதை ஒத்த நீண்ட புடைவையும் பொருந்தத் தைத்த ரவிக்கையும் அணிந்தனர். புராண காலத்தில் ரவிக்கை உண்டா என்று அன்றே கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், கேள்வி நியாயமானதே. ஆனால் நமக்கு அந்தச் சித்திரங்கள் புராண காலத்துக்குச் சான்று அல்ல, 1890-ஆம் ஆண்டுக்குச் சான்று. கண்ணியமான இந்தியப் பெண் எப்படி உடுத்தியிருக்கவேண்டும் என்று அக்காலத்துப் படித்த வகுப்பார் நினைத்தார்களோ, அந்த நினைவின் சான்று. பத்மநாபபுரம் அரண்மனையில் பின்னாளில் தீட்டி வைக்கப்பட்டிருக்கும், குளச்சல் போரில் தோற்ற டிலனாய் மார்த்தாண்ட வர்மரைப் பணியும் காட்சிக்கும் இதே விதி பொருந்தும். 1741-ஆம் ஆண்டின் உடுப்புக்கு அதைப் பிரமாணமாகக் காட்டுவோர் அந்த அரண்மனையின் உச்சி மாடத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

ரவிவர்மாவைப் பரோடாவுக்கு அழைப்பித்தவர் அங்கே திவானாக இருந்த சர் டி. மாதவராவ். ரவிவர்மாவின் சித்திரங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டால் எல்லோர் கைக்கும் போய்ச்சேரும் என்று கடிதம் எழுதித் தூண்டியவரும் அவரே. அந்த எண்ணம் முதிர்ந்தே 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் எழுந்தது. இதே மாதவராவ்தான் 1858-59-இல், நாஞ்சில் நாட்டில் தோள்சீலைக் கலவரம் மூண்டபோது, திருவிதாங்கூர்த் திவானாக இருந்தவர். கலவரத்தின்போது அவர் வெளியிட்ட விளம்பரம் பழைய வழக்கத்தை மீறலாகாது என்ற பக்கமாகவே சாய்ந்திருந்தது. தோளின்மேல் மெல்லிய சீலை யாருக்கு உரியது என்று வரம்பு கட்டிய அதே உத்தியோகஸ்தரின் யோசனை, நாற்பது ஆண்டுகளுக்குள், ஜரிகைக் கரைப் புடைவையும் ரவிக்கையும் அணிந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் ஜாதி பேதமின்றி வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கொண்டுபோய் மாட்டுவதற்கு வழிசெய்தது. விலை கொடுத்தவர் யாரும் அந்தப் படத்தை வாங்கலாம். எந்த விளம்பரமும் அதைத் தடுக்கவில்லை. அந்தத் தேவியைப்போல் உடுத்திக்கொள்ளுவதற்கும், அதன்பின், ஒரு தையற்காரனும் சில கெஜம் துணியுமே வேண்டியிருந்தன. கோட்டாற்றுக் கடைகளில் பெட்டியடிக்கு மேலே தொங்கிய படமும், பக்கத்துக் கடையில் விற்ற ரவிக்கைத் துணியும் ஒரே காலத்தில் பரவியவை.

திருவனந்தபுரத்தில் 1935-இல் திறக்கப்பட்ட சித்திராலயத்தில் ரவிவர்மாவின் மூலச் சித்திரங்கள் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் கைத்திறம் அச்சுப் படங்களில் இல்லை என்பது உண்மையே. ஆனாலும் உடையின் சரித்திரத்துக்கு, மங்கிப்போன அந்த அச்சுப் படங்களே நமக்கு மேலான ஆதாரம் என்று தோன்றுகிறது. மூலத்தை வாங்கியவர் மகாராஜா ஒருவர், அச்சை வாங்கியவர் ஊரார். செட்டிநாட்டு வீடுகளிலும் பிற இடங்களிலும் கிடைக்கும் சில பிரதிகளில், வாங்கியவர்கள் அச்சிட்ட படத்தோடு திருப்தியடையாமல், தேவியின் புடைவைமீது உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் தைத்து, அதன்பின் கண்ணாடிச் சட்டமிட்டிருக்கின்றனர். இப்படிப்பட்ட பிரதி ஒன்று கைக்கு வரும்போது, படம் அச்சான ஆண்டையும், அதன்மேல் ஒட்டிய துணி நெய்யப்பட்ட காலத்தையும் வெவ்வேறாகக் கணிக்கவேண்டியிருக்கிறது. முன்னதற்கு அச்சுக்கூடத்தின் முத்திரை போதும், பின்னதற்குத் தறியை அறிந்த ஒருவரைத்தான் கேட்கவேண்டும்.